'ஸே' என்னும் ஓர் உருபு

உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவன் ஆங்கில இலக்கணத்தின் மற்றப் பகுதிகளை ஒருவாறு வசப்படுத்திக்கொண்ட பிறகும், இன், ஆன், அட், ஃப்ரம், வித் என்னும் சின்னஞ்சிறு முன்னிடைச் சொற்களின் பிரயோகத்தில் மட்டும் வருஷக்கணக்காகத் தடுமாறுவதைக் கண்டு, அதைக் கவனக்குறைவு என்று தீர்ப்புச் சொல்லிவிடும் ஆசிரியர்கள் பலர். என் அபிப்பிராயத்தில் அது பெரிய அநியாயம். பெரும்பாலும் அந்தப் பிழைகள் அவன் தாய்மொழியின் ஒழுங்கான இலக்கணத்திலிருந்தே பிறக்கின்றன.

உருதுவில் இடம், காலம் முதலிய உறவுகளைக் காட்டும் சொற்கள், நம் வேற்றுமை உருபுகளைப் போலவே பெயருக்குப் பின்னால் வருகின்றன. ஆங்கிலத்திலோ முன்னால் நிற்கின்றன. இந்த ஸ்தான மாற்றம் கண்ணுக்குத் தெரிவதாகையால் மாணவன் அதைச் சீக்கிரமே பழகிக்கொள்கிறான். உண்மையான சிரமம் வேறு. கோ, ஸே, மேன், பர், தக், கா என்று விரல்விட்டு எண்ணத்தக்க சில உருபுகளைக் கொண்டே உருது பெரும்பாலான உறவுகளைச் சொல்லிவிட, ஆங்கிலம் அதே வேலையைப் பல சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது.

'ஸே' ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கராச்சியிலிருந்து வந்தான், கத்தியால் நறுக்கினான், பஸ்ஸில் போனான், தம்பியைவிட உயரமானவன், நாய்க்குப் பயப்படுகிறான் என்னும் ஐந்து இடங்களிலும் உருதுவுக்கு 'ஸே' போதும். ஆங்கிலமோ முறையே ஃப்ரம், வித், பை, தன், ஆஃப் என்று ஐந்து சொற்களைக் கேட்கிறது. காலத்தைச் சொல்லும்போது சங்கடம் இன்னும் அதிகம். பத்து வருஷமாக என்பதற்கு 'தஸ் சால் ஸே' என்றும், 1990 முதல் என்பதற்கு '1990 ஸே' என்றும் ஒரே உருபால் சொல்லிப் பழகியவன், கழிந்த கால அளவுக்கு ஃபார் என்றும் தொடங்கிய தருணத்துக்கு ஸின்ஸ் என்றும் ஆங்கிலம் காட்டும் பேதத்தை உணராமல், 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃப்ரம் டென் இயர்ஸ்' என்று எழுதிவிடுகிறான். 'உஸ் ஸே பூச்சா' என்ற வழக்கத்தின் பலத்தால், முன்னிடைச் சொல்லே வேண்டாத இடத்தில் 'ஐ ஆஸ்க்ட் ஃப்ரம் ஹிம்' என்கிறான். விவாகமும் உருதுவில் 'ஸே'யோடு நடப்பதால், 'மேரிட் டு' என்பது அவன் வாயில் 'மேரிட் வித்' ஆகிறது.

'கோ' என்பதும் இப்படித்தான். இத்வார் கோ, ஸுபஹ் கோ, ராத் கோ என்று ஞாயிறு, காலை, இரவு மூன்றுக்கும் அது ஒன்றே பொருந்த, ஆங்கிலத்தில் ஞாயிறு 'ஆன்' என்பதையும், காலை 'இன்' என்பதையும், இரவு 'அட்' என்பதையும் வேண்டுகின்றன. நாளை வரை இரு என்பதற்கும் நாளைக்குள் முடி என்பதற்கும் 'கல் தக்' என்றே சொல்பவன், டில், பை என்ற இரண்டையும் குழப்பிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

பாகிஸ்தானின் மத்திய உயர் அரசுப் பணித் தேர்வில், சுருக்கி வரைதலும் இலக்கணமும் அடங்கிய 100 மதிப்பெண் ஆங்கிலத் தாள் கட்டாயமானது. உருது வழியில் படித்து வந்தவனுக்கு இச்சிறு சொற்களே உத்தியோகத்தின் வாசலில் நிற்கின்றன. இதற்காக அகரவரிசைப் பட்டியல்களை உருப்போடுவதால் விளையும் பயன் சொற்பம். பரீட்சை முடிந்ததும் அவை மறந்துபோகின்றன. 'ஸே'க்கு ஆங்கிலம் என்ன என்ற கேள்வியையே விட்டுவிட்டு, அஃப்ரெய்ட் ஆஃப், டிபெண்ட் ஆன், மேரிட் டு என்று சொல்லையும் அதன் துணையையும் ஒரே சொல்லைப் போல மனத்தில் பதித்து, தன் வீட்டையும் ஊரையும் பற்றித் தானே வாக்கியங்கள் அமைத்து அப்பியாசம் செய்வதே ஸ்திரமான வழி. இடத்தைக் குறிக்கும்போது, புள்ளியாகக் கருதினால் அட், பரப்பானால் ஆன், உள்ளடக்கமானால் இன் என்ற பொது நியதியும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

இது பாகிஸ்தானுக்கு மட்டும் உரிய சங்கடமன்று. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். 'அவனிடம் கேட்டேன்', 'பத்து வருஷமாக இருக்கிறேன்' என்று தாய்மொழியில் சொல்லிப் பழகிய தமிழ்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆசிரியப் பெருமக்கள் பிழையின்மேல் சிவப்பு மையைத் தீட்டுவதற்கு முன், அந்த வாக்கியத்தை மாணவனின் தாய்மொழியில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.