மழைக்குக் கழன்ற கண்ணாடி

சுயதொழில் செய்யும் எங்களில் சிலர் மரத்தோடு கண்ணாடியைச் சேர்க்கும் வேலைகளைச் செய்து வருகின்றோம். படச்சட்டம், முகம் பார்க்கும் கண்ணாடி, சாமிப்படப் பெட்டி என்று பலதும் இதில் அடங்கும். "அக்கா, எந்தப் பசை நல்லது?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நான் விட்ட பிழையைத்தான்.

2010 இல் முகாமிலிருந்து ஊர் திரும்பிய பின்னர் தச்சுவேலை பழகினேன். பழகி ஒரு வருடம் கூட ஆகவில்லை, அயலில் உள்ள அம்மா ஒருவர் தன் மகனின் படத்தைக் கொண்டு வந்தார். மகன் 2009 இல் காணாமல் போனவர். வீட்டில் மிஞ்சியது அந்த ஒரு படம் மட்டுமே. நான் வேம்பில் சட்டம் அடித்து, கண்ணாடியைப் பின்புறமாக வைத்து, சுப்பர் குளூவால் ஒட்டிக் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் இறுகிவிட்டது. எனக்குப் பெருமைதான்.

கார்த்திகை மழை பிடித்து இரண்டு கிழமையில் அந்த அம்மா வந்தார். சேலைத் தலைப்புக்குள் படத்தைப் பொத்தி வைத்திருந்தார். இரவு கண்ணாடி கழன்று விழுந்து உடைந்திருக்கிறது. படத்தில் கன்னத்துப் பக்கம் ஒரு கீறல். "முகத்துக்கு ஒண்டும் இல்லை பிள்ளை, வேற கண்ணாடி போட்டுத் தா" என்றார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எனக்கு வேலை பழக்கிய ஓடாவியார் ஐயாவிடம் போனேன். அவர் உடைந்த சட்டத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மரம் மூச்சு விடும், கண்ணாடி விடாது" என்றார். மரம் மாரியில் ஈரத்தை இழுத்து அகலப்பக்கமாக ஊதும், கோடையில் சுருங்கும். கண்ணாடி அசையாது. சுப்பர் குளூ காய்ந்தால் கல்லுப்போல் விறைத்துவிடும். மரம் இழுக்க இழுக்க அது விட்டுப்போகும். ஈரமும் அதன் பிடியைக் கெடுக்கும்.

மரத்துக்கு மரம் ஒட்டும் வெள்ளைப் பசையும் இதற்கு உதவாது. அதிலுள்ள தண்ணீர் வெளியேறினால்தான் அது காயும். கண்ணாடி தண்ணீரை உறிஞ்சுவதில்லை, வழுவழுப்பான அதன் மேல் பிடியும் குறைவு. இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபொக்சி பலமானது. நகைப்பெட்டி மூடியில் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதிக்க நான் அதைத்தான் பாவிக்கின்றேன். கையில் பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும், பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதுவும் விறைப்பானது, பெரிய கண்ணாடிக்கு வேண்டாம்.

பெரிய கண்ணாடிக்குச் சிலிக்கன்தான். காய்ந்த பிறகும் இறப்பர் போல் வளைந்து கொடுக்கும். அதைத் தள்ளும் கருவியைக் கடையில் 'கன்' என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், கடைக்காரருக்கு ஏனென்று விளங்கவில்லை.

சிலிக்கனிலும் இரண்டு வகை உண்டு. வினாகிரி போல் மணப்பது ஒன்று. அதன் புளிப்பு முகக்கண்ணாடியின் பின்பூச்சை அரித்துக் கறுப்புப் புள்ளிகள் விழச் செய்யும். முகக்கண்ணாடிக்கு 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண கண்ணாடிக்கு மற்றதும் போதும்.

பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அரத்தாளால் தேய்த்துத் தூசி தட்டுங்கள். சாதாரண கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடையுங்கள், விரல் எண்ணெய் பட்டாலே பிடி குறையும். முகக்கண்ணாடியின் பின்பூச்சைக் காய்ந்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும். சிலிக்கனை முழுவதும் அப்ப வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது, முழுக்க மூடினால் நடுப்பகுதி பச்சையாகவே கிடக்கும். நாலு அங்குல இடைவெளி விட்டு மேலிருந்து கீழாகக் கோடுகளாக இடுங்கள். மெதுவாக அழுத்தி, இரண்டு நாள் படுக்க வைத்து விடுங்கள். சுவரில் மாட்டும் கண்ணாடி என்றால் கீழே ஒரு மரத்தாங்கியும் அடித்துவிடுவேன். கட்டிலுக்கு மேலே மாட்டுபவர்கள் இருக்கிறார்கள், பசையை மட்டும் நம்ப எனக்கு மனம் வராது.

அந்த அம்மாவின் படத்துக்கு ஐயா பசையே வேண்டாம் என்றார். சட்டத்தின் உட்புறத்தில் படிபோல் வெட்டி, கண்ணாடியைக் கொஞ்சம் தளர்வாக உட்கார வைத்தோம். கண்ணாடியும் படமும் தொடாதபடி சுற்றிவர மட்டைத்துண்டு வைத்துப் பின்பலகையைச் சின்ன ஆணிகளால் பூட்டினோம். தொட்டால் மாரிக்கு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டில் அப்படி ஒட்டிய படம் இருந்தால் உரிக்க வேண்டாம். கண்ணாடியோடேயே ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுங்கள். அம்மாவின் படத்தையும் சட்டத்துக்குள் வைக்க முன்னர் இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று இப்போதும் என்னிடம் இருக்கின்றது, வைத்திருக்கச் சொன்னவர் அவர்தான்.

சிலிக்கன் குழாயை நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டு வாங்குகின்றோம். திறந்த குழாயின் மூக்கில் நீளமான ஆணி ஒன்றைச் செருகி வைத்தால், அடுத்த முறை அதை இழுக்கும்போது இறுகியதும் கூடவே வந்துவிடும். எண்டாலும் மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. வேலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு குழாயைத் திறவுங்கள்.