உளநோயும் உயிர்க்காவலும்

காய்ச்சல் கண்டவரை உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் நம்மவர், உளநோய் கண்டவரை வீட்டினுள் மறைத்து வைக்கின்றனர். இம்மறைப்பின் விளைவுகளுள் கொடியது, நோயுற்றோர் தமக்குத் தாமே ஊறு செய்துகொள்ளுதலாம். அதன் காரணங்களைக் கள்ளக்குறிச்சிப் பகுதியை முன்னிட்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

புறநோயாளராய் வருவோருள் இவ்வபாயம் மிக்கவர் யாவர்? முதற்கண் மனச்சோர்வு நோயினர். இந்நோய் சிலநாள் வருத்தமன்று. இரண்டு வாரமேனும் ஊக்கமும் உறக்கமும் பசியும் குன்றி, 'பிறர்க்கு நாம் பாரம்' என்னும் எண்ணம் வேரூன்றி நிற்பதாம். நாட்டுப்புறத்தார் பலர் இதனைத் துயரமென்று கூறாது, தலைவலி, உடல்வலி, அசதி என்றே கூறுவர்; ஆதலின் நோய் அறியப்படாமற் போதலுமுண்டு. அடுத்தது குடிநோய். மதுவானது சோர்வை மிகுவித்து, அதனைத் தடுத்தாளும் அறிவையும் மயக்குகின்றது. மனச்சிதைவு, இருதுருவ நோய், ஆளுமைக் கோளாறு என்பனவும் இவ்வரிசையிற் சேரும். எனினும், இந்நோயினர் பெரும்பாலோர் தமக்கு ஊறு செய்துகொள்வதில்லை. கடனும் பூசலும் இழப்பும் நோயோடு கூடுமிடத்தே அபாயம் பெருகும்.

கல்வராயன் மலையிற் கள்ளச்சாராயம் காய்ச்சப்படுதல் நெடுநாட் செய்தி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அது தற்கொலையன்று. ஆயினும், குடிநோயை ஒழுக்கக்கேடென்று இகழ்ந்து மருத்துவமின்றி விடுதல் எத்துணைக் கேடு என்பதை அஃது உணர்த்திற்று. உற்றாரை இழந்த இல்லத்தாரும் மனநலக் காவலுக்கு உரியரன்றோ?

மருந்து பயன்தரச் சில வாரங்கள் செல்லும். மலையினின்று இறங்கி வருவோர்க்கோ ஒருநாட் கூலி போம். ஆகவே இடையிலே சிகிச்சையை விடுவோர்க்கு உறவினர் துணைநிற்றல் இன்றியமையாதது.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி வினவின் அவ்வெண்ணம் முளைக்கும் என்பது வெற்றச்சம். அன்போடு வினவுதல் நெஞ்சின் சுமையை இறக்கும். சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிய எலியாவைத் தேவதூதன் கடிந்தானல்லன். தொட்டெழுப்பி அப்பமும் தண்ணீரும் அளித்தான்.

சட்டமும் இவ்வழியே திரும்பியுள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிர்விட முயன்றோர்க்குச் சிகிச்சையளித்தல் அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அம்முயற்சியைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம். 1986 முதல் சென்னையில் சினேகா என்னும் அமைப்பும் இத்தொண்டு புரிகின்றது. சட்டம் தண்டியாதவரை நம் நாவும் தண்டியாதிருக்கக் கடவது. நம் தோழருள் ஒருவர் வாடியிருப்பின், அவரருகே அமர்ந்து வினவுவோமாக. வைத்தியரிடம் உடன் செல்வோமாக.