எலியின் வாயில் ஓர் உளி

கம்போங் குவாந்தான் என்றதும் சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்னும் மின்மினிகள்தாம் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால், அந்த வட்டாரத்திற்கு இன்னொரு பெருமையும் உண்டு. மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது, கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான். அது 1917ஆம் ஆண்டு.

செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழம் ஒன்றைக் கவனியுங்கள். அதன் சதையில் இரண்டிரண்டாகச் சுரண்டிய கோடுகள் தெரிந்தால், அது எலியின் வேலை. பழம் மட்டுமன்று, பூங்குலையையும் இளங்கன்றின் குருத்தையும் எலி கொறித்துவிடும்.

இவ்வளவு கொறித்தும் அதன் பல் மழுங்குவதில்லையே, ஏன்?

எலிக்கு 16 பற்கள். முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு என 4 வெட்டுப்பற்கள். உள்ளே 12 கடைவாய்ப் பற்கள். கோரைப்பல் கிடையாது; அந்த இடம் வெற்றிடமாக இருக்கும். கொறிக்கும்போது எலி தன் உதட்டுச் சதையை அந்த இடைவெளிக்குள் மடித்துக்கொள்ளும். அதனால் மரத்தூளும் நாரும் தொண்டைக்குள் போவதில்லை.

நமது பல்லை எனாமல் எல்லாப் பக்கமும் மூடியிருக்கிறது. எலியின் வெட்டுப்பல்லிலோ முன்பக்கம் மட்டுமே எனாமல் உண்டு. பின்பக்கம் இருப்பது அதைவிட மென்மையான டென்டின். கொறிக்கக் கொறிக்க டென்டின் விரைவாகத் தேயும், எனாமல் மெதுவாகத் தேயும். ஆகவே, பல்லின் நுனி எப்போதும் தச்சரின் உளிபோல் சரிவாகவும் கூராகவும் இருக்கும். அந்த எனாமலில் இரும்புச் சத்தும் கலந்துள்ளது. எலிப் பல்லின் மஞ்சள் கலந்த செம்மை நிறத்திற்கு அதுவே காரணம்.

தேய்ந்த பல் என்ன ஆகும்? எலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்கின்றன; வாரத்திற்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தாவிட்டால் அவை தேயாமல் நீண்டு வளைந்துவிடும். பிறகு எலியால் உண்ண முடியாது, பட்டினியால் இறந்துபோகும்.

கொறிப்பதும் மெல்லுவதும் எலிக்கு ஒரே நேரத்தில் நடப்பதில்லை. கீழ்த்தாடையை முன்னே தள்ளினால் வெட்டுப்பற்கள் சந்திக்கும். பின்னே இழுத்தால் கடைவாய்ப் பற்கள் சந்தித்து உணவை அரைக்கும்.

இந்த உளியை எப்படிச் சமாளிப்பது? நஞ்சு வைப்பது ஒரு வழி. ஆனால், நஞ்சு தின்ற எலியைப் பிடித்து உண்ணும் பறவைகளையும் அது பாதிக்கலாம். அதனால், பல தோட்டங்களில் கூகை ஆந்தைகளுக்குக் கம்பங்களில் கூடுப் பெட்டிகள் அமைத்திருக்கிறார்கள். கூகை பெரும்பாலும் எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் பின்னர் உருண்டையாகக் கக்கிவிடும்.

அத்தகைய உருண்டை உங்களுக்குக் கிடைத்தால், ஆசிரியரின் துணையோடு கையுறை அணிந்து பிரித்துப் பாருங்கள். வளைந்த, செம்மஞ்சள் நிறப் பல் ஒன்று அதில் இருக்கக்கூடும். அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒப்பிட்டால், மேலே படித்தது உங்கள் கண்ணுக்கே தெரியும்.