சூடேறிய மோட்டார் வண்டி மீண்டும் கிளம்பாதது ஏன்?

சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங் செல்லும் மலைப்பாதையில், கோடைக்கால நண்பகலில், தடுப்பு மருந்துப் பெட்டியுடன் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று ஏறி வருவதாகக் கொள்வோம். குர்சியாங்கை அடைந்ததும் கால் மணி நேரம் வண்டி நிறுத்தப்படுகிறது. மீண்டும் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை. காலையில் முதல் திருப்பிலேயே கிளம்பிய வண்டி இது. ஒரு மணி நேரம் கழித்து, எவரும் எதையும் தொடாமலேயே, அது கிளம்பிவிடுகிறது. மறுநாள் பணிமனையில் சோதிக்கும்போது யாதொரு குறையும் தென்படுவதில்லை. ஆயினும் பாட்டரி மாற்றப்படுகிறது, பிளக்குகளும் மாற்றப்படுகின்றன. அடுத்த வாரம் அதே பாதையில் அதே தொல்லை நேருகிறது. பெட்டியிலுள்ள பனிக்கட்டியோ காத்திருப்பதில்லை.

சூட்டில் தோன்றும் இக்குறை, சூடு தணிந்ததும் மறைந்துவிடுகிறது. ஆகவே அதன் அடையாளங்களைக் காணக்கூடியவர் அவ்வேளையில் வண்டியுடன் இருப்பவரே. அவர் எவற்றைக் கவனிக்க வேண்டும், ஏன் கவனிக்க வேண்டும் என்பதை இங்கு விளக்குவோம்.

நின்ற பின்னும் ஏறும் வெப்பம்

எஞ்சின் ஓடும்பொழுது அதனைச் சுற்றி ஓடும் நீர் வழக்கமாக 80 முதல் 95 டிகிரி சென்டிகிரேட் வரை சூடாக இருக்கும். எஞ்சினை நிறுத்தியவுடன் பெரும்பாலான வண்டிகளில் நீரைச் செலுத்தும் பம்பும், காற்றை இழுக்கும் விசிறியும் நின்றுவிடுகின்றன. ஆனால் சிலிண்டர் தலைப்பகுதியிலும் புகைபோக்கிக் குழாயிலும் தேங்கிய வெப்பம் எங்கும் போய்விடுவதில்லை. அது மெல்ல அருகிலுள்ள பெட்ரோல் பம்பு, குழாய்கள், கார்புரேட்டர், மின்கருவிகள் ஆகியவற்றிற்குப் பரவுகிறது. எனவே வண்டி நின்ற பத்து நிமிடம் முதல் அரை மணி வரை இவை ஓட்டத்தின்போது இருந்ததைவிட அதிகமாகச் சூடேறுகின்றன. ஐந்து நிமிடத்தில் கிளம்பும் வண்டி இருபது நிமிடத்தில் கிளம்பாமைக்கு இதுவே காரணம்.

குழாயினுள் கொதிக்கும் பெட்ரோல்

பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் ஏறத்தாழ 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமான பகுதிகள் கொதிக்க 200 டிகிரி வரை வேண்டும். அழுத்தம் குறையக் குறைய எந்த நீர்மமும் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள குர்சியாங்கில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அன்றியும், பழைய ஜீப்பிலும் அம்பாஸிடர் காரிலும் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு பொருத்தப்பட்டு, பின்புறமுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் மேலும் தாழ்கிறது. ஆகவே பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது. நீர்மத்தைத் தள்ளுவதற்கென அமைந்த பம்பு, ஆவியை மாறி மாறி அமுக்குவதும் விடுவதுமாகவே இருந்துவிடுகிறது. இதனை ஆவித்தடை என்பர்.

வகுப்பில் இதனை எளிதாகக் காட்டலாம். ஊசியற்ற பிளாஸ்டிக் மருந்தேற்றும் குழலில் 70 டிகிரி அளவுள்ள வெந்நீரைக் கால் பங்கு இழுத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, வாயை இறுக மூடித் தண்டைப் பின்னுக்கு இழுத்தால் நீர் குமிழியிட்டுக் கொதிக்கும். தண்டை விட்டால் கொதிப்பு அடங்கும். வெந்நீர் கையில் படாதிருக்க ஆசிரியரே இதனைச் செய்து காட்டுவது நலம்.

வரிசையாகக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதலாவது: எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழல்கிறதா? திணறிச் சுழன்றால் பெட்ரோலைப் பற்றி எண்ண வேண்டுவதில்லை. தாமிரக் கம்பி 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. நல்ல ஸ்டார்ட்டர் இதனைத் தாங்கும். தேய்ந்த ஸ்டார்ட்டரும், களிம்பேறிய பாட்டரி முனைகளும், தளர்ந்த பூமி இணைப்பும் தாங்கமாட்டா. சுழற்றும்போது 12 வோல்ட் பாட்டரியின் மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பாட்டரியையோ, அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கும் ஸ்டார்ட்டரையோ ஐயுறலாம்.

இரண்டாவது: பெட்ரோல் குறைவா, மிகுதியா? இவ்விரண்டும் வெப்பத்தால் நேரக்கூடியவை. ஆனால் பரிகாரமோ நேர்மாறானது. கார்புரேட்டரின் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்து எஞ்சினுள் வழிந்தால் கடுமையான நெடி வீசும், பிளக்குகள் நனைந்திருக்கும். அப்பொழுது ஆக்ஸிலரேட்டர் மிதியை முழுதும் அழுத்தியவாறே, விட்டு விட்டு மிதிக்காமல், எஞ்சினைச் சுழற்ற வேண்டும். காற்று மிகுதியாகப் புகுந்து கலவையைச் சீராக்கும். நெடியில்லாமல் பிளக்குகள் உலர்ந்திருப்பின் ஆவித்தடையென ஐயுறலாம். பம்பின் மீதும் அதன் குழாயின் மீதும் மட்டும் ஈரத்துணியைச் சுற்றிச் சில நிமிடம் பொறுக்கவும். அதன் பின் வண்டி கிளம்பினால் ஐயம் உறுதிப்படும்.

மூன்றாவது: மின்பொறி உண்டாகிறதா? சூடேறிய கம்பிச்சுருளில் காப்புப்பூச்சு விரிசலுற்றாலோ, கண்டென்சர் பழுதுற்றாலோ பொறி மங்கும் அல்லது நிற்கும், ஆறியதும் திரும்பும். இதனைச் சோதனை விளக்கைக் கொண்டே பார்க்க வேண்டும். இங்குள்ள மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட். பெட்ரோல் நெடி வீசும்போது இச்சோதனையை அறவே செய்யலாகாது.

புதிய வண்டிகளும் டீசல் வண்டிகளும்

இன்று விற்கப்படும் புதிய கார்களில் கார்புரேட்டர் இல்லை. பம்பு தொட்டியினுள்ளேயே இருந்து, வழக்கமாக வளிமண்டல அழுத்தத்தைப் போல் மூன்று மடங்கு அளவில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அழுத்தத்தில் உள்ள நீர்மம் எளிதில் கொதிக்காதாகையால் ஆவித்தடை அருகிவிட்டது. எனினும் நிறுத்தியபின் அவ்வழுத்தம் கசிந்துவிட்டால் பழைய தொல்லை தலைகாட்டும். சுழற்றுவதற்கு முன் சாவியை இரண்டு மூன்று முறை முதல் நிலைக்குத் திருப்பி, ஒவ்வொரு முறையும் இரண்டு விநாடி நிறுத்திப் பார்க்கலாம். அதனால் வண்டி கிளம்பினால் கசிவை ஐயுறலாம். எஞ்சினின் சுழற்சியை உணரும் உணர்கருவி சூட்டில் செயலிழப்பதும் உண்டு. பல வண்டிகளில் அப்பொழுது, எஞ்சினைச் சுழற்றும்போது சுழற்சிமானியின் முள் சிறிதும் அசையாது.

டீசல் எஞ்சினில் பொறிக்கு இடமில்லை. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த செலுத்து பம்பின் இடைவெளிகளில் கசிவதால் போதிய அளவு சிலிண்டரை எட்டாமற்போகலாம்.

எச்சரிக்கையும் குறிப்பும்

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதியாதிருக்கும். மூடி திறந்த கணத்தில் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தால் கிளப்ப முயல்வதையே விட்டு, ஆறவிட்டு, நீர்க்கசிவைத் தேடுதல் வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு பரிகாரங்களைச் செய்யவும் கூடாது. செய்தால் எது பலித்தது என்பது தெரியாமற்போகும்.

முடிவாக, வண்டியின் பதிவேட்டில் நான்கு செய்திகளை எழுதிவைக்குமாறு களப்பணியாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: நின்று எத்தனை நிமிடம் ஆயிற்று, எஞ்சின் எவ்வாறு சுழன்றது, நெடி இருந்ததா, எதனைச் செய்தபின், எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது. ஆறிய வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு இந்நான்கு வரிகளே வழிகாட்டும். வேண்டாத பாட்டரிக்கான செலவும் மிஞ்சும். மருந்தும் உரிய நேரத்தில் ஊர் சேரும்.