கிழிந்த காயமா, வெட்டுக்காயமா?

மழுங்கிய பொருள் ஒன்று மோதியோ நசுக்கியோ இழுத்தோ தோலும் சதையும் கிழிந்துபோனால், அந்தக் காயத்தை மருத்துவர்கள் ‘லேசரேஷன்’ என்பார்கள். கிழித்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. தமிழில் கிழிகாயம் அல்லது கிழிந்த காயம் எனலாம். கத்தி, பிளேடு, அரிவாள் பட்டு உண்டாவது வெட்டுக்காயம்; அது வேறு வகை. ஆனால் அவசரத்தில் எழுதும் ஆஸ்பத்திரிச் சீட்டில் தையல் போடவேண்டிய காயமெல்லாம் ‘லேசரேஷன்’ ஆகிவிடுவதுண்டு. சட்ட மருத்துவத்தில் இந்தத் தாராளம் செல்லாது.

விளிம்புகளை லேசாக விலக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கத்தி தன் வழியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே சீராக அறுத்துக்கொண்டு போகும். கட்டையும் கல்லும் அப்படி அறுப்பதில்லை. தோல் பிளந்த பிறகும் உள்ளே நரம்பு, இரத்தக்குழாய், நார்த்திசு இவற்றின் இழைகள் சில அறுபடாமல் இரு கரைகளுக்கும் நடுவே பாலம்போல் நிற்கும். கிழிகாயத்துக்கு இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை. விளிம்பு பிசிறுபிசிறாகச் சிராய்த்துக் கன்றியிருக்கும். உள்ளே மண்ணோ துருவோ ஒட்டியிருக்கும். குழாய்கள் நசுங்கிவிடுவதால் வெளியே வடியும் இரத்தம் பெரும்பாலும் குறைவு. தலைக்காயம் மட்டும் இதற்கு விலக்கு. சிறிய கிழிசலே சட்டையை நனைத்துவிடும்.

ஏமாற்றுவதும் தலைதான். மண்டை, புருவம், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஆகிய இடங்களில் தோல் அதிகச் சதைப்பற்றில்லாமல் எலும்பின்மேல் கிடக்கிறது. அங்கே கம்பால் அடித்தால், கம்புக்கும் எலும்புக்கும் நடுவில் சிக்கிய தோல் நேர்கோடாகப் பிளந்து, அரிவாள் வெட்டுபோலவே தோன்றும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் கன்றிய விளிம்பும் நசுங்கிய மயிர்க்கால்களும் உண்மையைச் சொல்லும். ‘அரிவாளால் வெட்டினார்’ என்று புகார் இருக்கும்போது காயச் சான்றிதழில் எந்தச் சொல் விழுகிறது என்பது வழக்கையே திருப்பக்கூடும். பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணக் காயம் ஏற்படுத்தினால் ஓராண்டு வரை சிறை (பிரிவு 115); வெட்டும் கருவியாலோ வேறு அபாயகரமான ஆயுதத்தாலோ அதையே செய்தால் மூன்றாண்டு வரை (பிரிவு 118).

நூல்கள் கிழிகாயத்தைப் பல வகையாகப் பிரிக்கின்றன. அவற்றுக்குரிய வினைகள் பேச்சுத் தமிழிலேயே இருக்கின்றன. அடிபட்டு மண்டை ‘பிளக்கிறது’. ஆணியில் மாட்டிக் கை ‘கிழிகிறது’. லாரிச் சக்கரம் ஏறி இறங்கினால் காலில் தோல் சதையிலிருந்து தனியே ‘வழன்று’ வந்துவிடுகிறது. எலும்பு முறியாவிட்டாலும் காலுக்கே ஆபத்தான காயம் இது. விபத்துப் பதிவேடுகளில் அடிக்கடி காணும் ‘சி.எல்.டபிள்யூ.’ என்ற சுருக்கமோ கன்றிக் கிழிந்த காயத்தைக் குறிப்பது. கிழிகாயம் என்றாலே விளிம்பு கன்றித்தான் இருக்கும்; முன்னால் உள்ள அடைமொழி மிகை.

இந்தச் சொல் அடிதடிக்கும் விபத்துக்கும் மட்டும் உரியதல்ல. பிரசவத்தின்போது பெண்ணுறுப்புக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதி கிழிவதையும் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். தோலளவில் நின்றால் முதல் நிலை, மலக்குடலின் உள்படலம் வரை போனால் நான்காம் நிலை.

வெட்டுக்காயத்தைவிடக் கிழிகாயம் ஆறுவதற்கு நாளாகும், தழும்பும் பெரிது. நசுங்கிச் செத்த சதையில் பிராணவாயு எட்டாது. டெட்டனஸ் கிருமி வளர அதுவே தோதான இடம். அதனால்தான் காயத்தை நன்றாகக் கழுவி, செத்த பகுதியை வெட்டி நீக்கிய பிறகே தையல் போடுகிறார்கள், தடுப்பூசியையும் விடுவதில்லை. நாய் கடித்துக் கிழிந்ததென்றால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவவேண்டும். கூடியவரை உடனே தையல் போடமாட்டார்கள். ஊசி போகும் வழியில் ரேபிஸ் நச்சுயிரி ஆழமாக இறங்கிவிடலாம்.