கல்லில் ஏறிய ஓலை எழுத்து

தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தைச் சுற்றி ஓடும் இராசராசன் கல்வெட்டுகளைக் காண்பவர்கள், அந்த எழுத்துகளின் வளைவுகளை உளியின் கைவண்ணம் என்றே எண்ணுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருங்கல்லில் உளிக்கு எளிது நேர்கோடு. ஒரு சுழியை வெட்ட, உளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சிறு சிறு கொத்தாகக் கொத்திக்கொண்டே போகவேண்டும். ஓலையில் நிலைமை தலைகீழ். நார் ஓடும் போக்கில் எழுத்தாணியை அழுத்தி இழுத்தால் ஏடு கிழியும், வளைத்து எழுதினால் தாங்கும். சோழர் ஆட்சியில் அரசன் சொன்னதைத் திருவாய்க்கேள்வி என்னும் அதிகாரி கேட்டு, திருமந்திர ஓலை என்னும் எழுத்தர் எழுதி, ஓலைநாயகம் என்னும் மேலதிகாரி சரிபார்த்த பிறகே ஆணை ஊருக்குப் போனது. கல்தச்சன் கைக்கு வந்தபோது எழுத்தின் வடிவம் முடிவாகியிருந்தது.

இதற்கு வலுவான சான்று, கல்லில் இல்லாத ஒன்று: மெய்யெழுத்தின் புள்ளி. தொல்காப்பியம் புள்ளியை விதித்திருந்தும், சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் அது கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு துளைபடும் என்ற அச்சத்துக்குப் பொருளுண்டு. கல்லுக்கு என்ன அச்சம்? உளிமுனையை நிறுத்தி ஒரே தட்டு, புள்ளி விழுந்துவிடும். சில பல்லவர் காலக் கல்வெட்டுகளில் விழுந்தும் இருக்கிறது. பிறகும் அதை விட்டார்கள் என்றால், ஓலையில் பழகிய கையைத்தான் கல் பின்பற்றியது.

கருங்கல்லின் இயல்பான பொத்தல்களோடு புள்ளி குழம்பும் என்பதால் விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வழவழப்பான செப்பேடுகளிலும் புள்ளி சீராக இல்லை. செப்பேடு தோற்றத்திலேயே ஓலையின் நகல்: நீண்டு ஒடுங்கிய தகடு, துளை, கட்டுக்கயிற்றின் இடத்தில் முத்திரை வளையம். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் 31 ஏடுகளும் அப்படித்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. இன்னொரு மறுப்பு கூர்மையானது. மாங்குளம் குகைகளின் தமிழி எழுத்துகளில் நேர்கோடுகளே மிகுதி. அது உளியின் வேலை அல்லவா? அல்ல. கொடுமணலிலும் கீழடியிலும் பானை ஓடுகளில் கீறியிருப்பவையும் அதே எழுத்துகள்தாம். பொருள் மாறியும் வடிவம் மாறவில்லை. ஆகவே ஓலையை மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணமாக்குவதும் மிகை. ஒரு காலத்தில் எழுதுகிறவர்களின் கை எப்படிப் பழகியிருந்ததோ, அதுவே கல்லுக்கும் உலோகத்துக்கும் போனது. தச்சன் சேர்த்தது வேறு: ஒரே ஆழம், வரி கோணாத ஒழுங்கு, கல் மாறும் இணைப்பிலும் அறுந்துபோகாத ஓட்டம். எழுத்து விடுபட்ட, இருமுறை வெட்டப்பட்ட இடங்களும் உண்டு. பார்த்து வெட்டும் வேலையில் அவை நேரக்கூடியவையே.