உண்ணி மருந்து, டீ ட்ரீ ஆயில், டூத்பேஸ்ட்... உங்க நாய் நக்கிட்டா என்ன ஆகும்?

போன கோடையில் எங்க வீட்டு ப்ரூனோவுக்கு செம உண்ணித் தொல்லை. காது மடல், விரல் இடுக்குனு ஒரு இடம் பாக்கியில்லை. கால்நடை மருந்துக் கடையில் ஒரு குட்டி பாட்டிலைக் கொடுத்து, "ஒரு மூடி ஊத்திக் குளிப்பாட்டுங்க, போயிடும்"னாங்க. எவ்வளவு தண்ணிக்கு ஒரு மூடினு நானும் கேட்கலை, அவங்களும் சொல்லலை. நான் ஒரு மக் தண்ணியில் கலந்து ஊத்திட்டேன்.

ரெண்டு மணி நேரத்துல ப்ரூனோ சுருண்டு படுத்துட்டான். குளிச்ச களைப்புனு நினைச்சு ஃபேனைப் போட்டுட்டு என் வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் பிஸ்கட் கவர் சத்தத்துக்குக்கூட அவன் தலையைத் தூக்காதபோதுதான் பயம் வந்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன போட்டீங்க, பாட்டில் எங்கே?"

அதில் இருந்தது அமிட்ராஸ். மாடு, ஆடு, நாய் எல்லாத்துக்கும் உண்ணிக்குப் போடுற மருந்துதான். சரியான அளவில் போட்டா நல்லாவே வேலை செய்யும். ஆனா, 12.5 சதவிகித பாட்டில்னா, ஒரு லிட்டர் தண்ணிக்கு 2 மில்லி கலந்தாலே 0.025 சதவிகிதம் வந்துடும். நாய்களுக்கு வழக்கமா சொல்றது அந்த மாதிரி அளவுதான். ஒரு மூடியில் எத்தனை மில்லி பிடிக்கும்னு நீங்களே பார்த்துக்கோங்க. அளவு மீறினா மயக்கம், இதயத்துடிப்பு குறையுறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுறதுனு வரிசையா வரும். இந்த மருந்து மனுஷங்களுக்கும் சர்க்கரையை ஏத்தும். அதனால சர்க்கரை நோய் உள்ள அப்பா, அம்மாகிட்ட இந்தக் குளியல் வேலையைத் தள்ளிவிடாதீங்க. மத்தவங்களும் கையுறை போட்டுக்கணும்.

அளவு மட்டுமே பிரச்னை இல்லை. நாய் துண்டால் துடைச்சுக்காது, நாக்கால்தான் துடைச்சுக்கும். உடம்புல நாம பூசுறதுல ஒரு பங்கு எப்படியும் வயித்துக்குள்ள போகும். அதனால மருந்து காயுற வரைக்கும் கழுத்துல கோன் மாட்டுங்க, இல்லைன்னா பக்கத்துலயே உட்கார்ந்து பாருங்க.

'நேச்சுரல்'னா சேஃபா?

டீ ட்ரீ ஆயிலை எடுத்துக்கோங்க. செடியில இருந்து வந்ததுதானேனு அரிப்பு இருக்குற இடத்துல அப்படியே தடவுறவங்க நிறைய. 2002 முதல் 2012 வரை அமெரிக்காவின் விலங்கு விஷ உதவி மையம் ஒன்றில் பதிவான நாய், பூனை கேஸ்களை 2014-ல் தொகுத்தாங்க. கலப்படமில்லாத டீ ட்ரீ ஆயிலால் மட்டும் 443 கேஸ்! உடம்பு தள்ளாட்டம், நடுக்கம், எச்சில் வழியுறதுனு பாதிப்புகள். ஷாம்பூவில் துளியளவு இருக்குறது வேற, பாட்டில்ல இருந்து நேரா ஊத்துறது வேற. சொறி பிடிச்ச தெருநாய் மேல பழைய இன்ஜின் ஆயிலை ஊத்துற பழக்கமும் நம்ம ஊர்ல இருக்கே... தயவுசெஞ்சு வேண்டாம். அதையும் அது நக்கத்தான் செய்யும்.

அடுத்தது சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மவுத்வாஷ், சில டூத்பேஸ்ட்டுகளில் இருக்குற இனிப்பு. நாய்களோட குடிதண்ணியில் கலக்கும் வாய் நாற்றத் திரவங்கள் சிலதுலயும் இருக்கும். நமக்கு ஒண்ணும் ஆகாது. நாய்க்கோ இன்சுலின் சட்டுனு சுரந்து, அரை மணி நேரத்துலயே சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம். அளவு கூடினா கல்லீரலே பழுதாகும். லேபிள்ல 'பிர்ச் ஷுகர்', 'இ967'னு இருந்தாலும் அதேதான். மனுஷங்க பேஸ்ட்டால் நாய்க்குப் பல் தேய்க்காதீங்க. அதுக்குத் துப்பத் தெரியாது.

வீட்டுல நாயும் பூனையும் சேர்ந்து இருக்கா? நாய்க்கான உண்ணி மருந்துல 'பெர்மெத்ரின்' இருக்கானு பாருங்க. நாய் தாங்கிக்கும். பூனையின் கல்லீரலால அதை உடைச்சு வெளியேத்த முடியாது, வலிப்பு வந்து உயிரே போகலாம். மருந்து போட்ட நாயோட பூனை ஒட்டிப் படுத்தாலே போதும்.

நம்ம ஷாம்பூ? ஒருமுறை போட்டா ஒண்ணும் ஆகாது. தோலின் பி.ஹெச் அளவு வேற என்பதால, தொடர்ந்து போட்டா வறண்டு அரிக்கும், அவ்வளவுதான்.

ஏதாவது தப்பா போட்டுட்டோம்னு தோணினா, மிதமான சோப்புல நல்லா அலசுங்க. நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க. லேபிளை போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு, பாட்டிலோட கிளம்புங்க. பின்பக்கத்துப் பொடி எழுத்தும் போட்டோவுல தெரியணும். மருந்துப் பேரும் சதவிகிதமும் பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

ப்ரூனோ அன்னிக்கு ராத்திரி முறிவு ஊசி, ட்ரிப்ஸோட கிளினிக்லயே இருந்தான். விடியக்காலையில் வாலை ஆட்டினான். காதுல இன்னும் ரெண்டு உண்ணி மிச்சம் இருந்தது. டாக்டர் அதை இடுக்கியாலயே எடுத்துப் போட்டுட்டார்.